மீன்கொத்திக்கு வைத்த தொட்டி

ஜனவரி 4, சனி

குடிலுக்குள் காலை வைத்ததுமே வாழைப்பழத் தோல். பக்கத்தில் பாதி குடித்த காப்பிக் கோப்பை, அதற்குள் ஊறிக் கிடக்கும் சிகரெட் துண்டு. இயற்கையை நேசிக்க வந்தவர்களாம். த்தூ.

டைக்ஸ்மார் பறவைக் காப்பகத்தில் தன்னார்வலர் என்றால் என்ன? பறவை பார்க்கும் குடிலின் சாவி வைத்திருப்பவள். அதாவது, ஊரான் எச்சிலைப் பொறுக்குகிறவள். பொறுக்கினேன்.

ஒவ்வொரு ஜன்னல் முன்னாலும் ஒரு பை. ஆள் இல்லை, பை மட்டும். ஆள் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குகிறான், பை இங்கே இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது. நல்ல ஜன்னலில் இருந்த பையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அது கெர்லோஃப்பின் பை என்று தெரிந்துதான் தூக்கினேன்.

கெர்லோஃப் என் தங்கை பௌக்யேயின் கணவன். வேலை பார்த்த காலமெல்லாம் டிராக்டர் விற்றவன். ஓய்வு பெற்றதும் சாக்கடைக் குழாய் அளவுக்கு ஒரு லென்ஸ் வாங்கினான். ஒரே வருஷத்தில் பறவை நிபுணர் ஆகிவிட்டான்.

“என் பையை யார் எடுத்தா?”

“நான்தான். பைக்குக் கண்ணு இருக்கா, பறவை பார்க்க?”

“காலங்காத்தால உன்கிட்ட வாய் கொடுக்க முடியாது வீட்ஸ்கே. கொஞ்சம் தள்ளு.”

தள்ளி உட்கார்ந்தேன். ஏரி முழுக்க வாத்துகள், மூடுபனிக்குள் வாத்துகளின் சத்தம். அவன் எதையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு நேர் கீழே, நாணல் ஓரத்தில் நட்டு வைத்த குச்சி மாதிரி இருக்கும் ஒரு குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். வந்தாள் ஒரு மீன்கொத்தி. கீழலகு சிவப்பு, பெண். உட்கார்ந்தாள், பாய்ந்தாள், மீனோடு வெளியே வந்தாள். பட பட படவென்று கெர்லோஃப்பின் கேமரா.

எனக்குப் புரியவில்லை. அந்த இடத்தில் ஒரு சாண் தண்ணீர், மிச்சமெல்லாம் சேறு. இத்தனை வருஷத்தில் அங்கே ஒரு மீன்கொத்தி மூழ்கி நான் பார்த்ததில்லை. என்ன மீன் அது? எங்கிருந்து வந்தது?


ஜனவரி 11, சனி

புகைப்படக் கழகத்தின் புத்தாண்டுக் கூட்டம். முதல் பரிசு கெர்லோஃப்புக்கு. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும் மீன்கொத்தி, அலகில் மீன், சிறகிலிருந்து தெறிக்கும் துளிகள். நல்ல படம். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு மூன்றாவது. மூடுபனியில் வாத்துகள்.

மைக்கைப் பிடித்து என்ன சொன்னான் தெரியுமா? “பொறுமைதாங்க எல்லாம். காட்டுப் பறவை நம்ம பேச்சைக் கேக்காது. காத்திருக்கணும்.” கை தட்டினார்கள். பரிசு வழக்கம்போலப் பெரிய சர்க்கரை ரொட்டி. அதைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு படம் வேறு எடுத்துக்கொண்டான்.

பொறுமையாம். இந்த ஆளா?


ஜனவரி 12, ஞாயிறு

பௌக்யேயின் பிறந்தநாள். வட்டமாக நாற்காலிகள். நாற்காலி வட்டத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்ல வேண்டும் – பிறந்தவளுக்கு மட்டுமில்லை, அவள் புருஷனுக்கு, அக்காவுக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கு. நான் கெர்லோஃப்பிடம் கை நீட்டி “வாழ்த்துகள்” என்றேன். “ரொம்ப நன்றி, படம் உண்மையிலயே நல்லா வந்திருந்துச்சு” என்கிறான். உன் பெண்டாட்டி பிறந்ததுக்குடா வாழ்த்து!

ஆளுக்கு ஒரு துண்டு கேக். இரண்டாவது துண்டு யாருக்கும் கிடையாது. அதை விழுங்கிவிட்டுத் தட்டைக் கழுவ அடுக்களைக்குப் போனேன். பின்கட்டிலிருந்து ஒரு நாற்றம்.

“என்னடி இது, எதாவது செத்துக் கிடக்கா?”

“சாகல, உயிரோட இருக்கு. அதான் பிரச்சினையே.” பௌக்யே கதவைத் திறந்து காட்டினாள். துணி துவைக்கிற தொட்டி நிறையக் குட்டி மீன்கள். “தூண்டில் கடையிலருந்து வாங்கிட்டு வர்றார். தினம் தண்ணி மாத்தறார். எனக்கு ஜுரம் வந்தப்போ ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து கொடுத்தாரா? கேளு அவரை.”

“மீன் எதுக்கு?”

“போட்டோவுக்காம். யாருக்குத் தெரியும்.”

அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. வட்டத்தில் போய் உட்கார்ந்தேன். கெர்லோஃப் யாரோ ஒரு கிழவரிடம் காட்டுப் பறவையின் குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். 


ஜனவரி 13, திங்கள்

விடிந்ததும் போனேன். குடிலுக்குக் கீழே இறங்கி, முட்டிக்கால் சேற்றில் நின்று, முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினேன். வழவழவென்று பாசி. அதற்குக் கீழே விளிம்பு. சிமெண்டுச் சாந்து குழைக்கிற கறுப்புத் தொட்டி! சுற்றிலும் கல் அடுக்கி, வெளியே தெரியாமல் சேறு பூசி வைத்திருக்கிறான். உள்ளே மீன்கள் என் விரலை முட்டின. குச்சியும் அவன் நட்டதுதான். பொம்மைக் கடை ஜன்னல் மாதிரி எல்லாம் ஏற்பாடு.

கையைக் கழுவியும் நாற்றம் போகவில்லை. எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் போகவில்லை.


ஜனவரி 14, செவ்வாய்

காப்பகக் காவலர் சீட்ஸேயிடம் சொல்லிவிட்டேன். வாசல் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். நிதானமான மனிதர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தானே வீட்ஸ்கே? நான் வேணா தனியாக் கூப்பிட்டுச் சொல்லிப் பாக்கவா?”

“வேண்டாம். விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

மதியமே தொட்டியைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். கெர்லோஃப் இந்த வருஷம் முழுக்க டைக்ஸ்மாருக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. கழகத்துக்கும் விஷயம் போய்விட்டது, பரிசையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

நிம்மதியாக இருக்கிறது. இருக்கிறதுதானே?


ஜனவரி 15, புதன்

கெர்லோஃப் போன் செய்தான். வணக்கம்கூட இல்லை.

“மூணாவது வந்த வயித்தெரிச்சல் உனக்கு. ஒத்துக்கோ.”

“ஏமாத்துக்காரன் பேசற பேச்சா இது?”

“நான் யார் வயித்துல அடிச்சேன்? அந்தப் பறவைக்குச் சோறு போட்டேன்.”

வைத்துவிட்டேன். வயிற்றெரிச்சலா? கொஞ்சம் இருந்தது. அதற்காகத் தொட்டி தொட்டி இல்லை என்று ஆகிவிடுமா?


ஜனவரி 18, சனி

கழகத்திலிருந்து சர்க்கரை ரொட்டி வந்தது. எல்லோரும் ஒரு படி மேலே ஏறியதில் நான் இரண்டாம் இடம், எனக்கும் ஒரு ரொட்டியாம். சீ, யாருக்கு வேண்டும் இது என்று மேஜையிலேயே வைத்திருந்தேன். சாயங்காலம் வெண்ணெய் தடவிப் பாதியைத் தின்றுவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.


ஜனவரி 20, திங்கள்

கீழைக் காற்று. கால்வாயில் மெல்லிய ஐஸ் ஆடை கட்டியிருக்கிறது.


ஜனவரி 23, வியாழன்

ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. கடையில், தபால் பெட்டிப் பக்கத்தில், டாக்டர் அறையில் – ஐஸ் எவ்வளவு தடிமன், ஐஸ் எவ்வளவு தடிமன். பரணிலிருந்து ஸ்கேட்டுகளை இறக்கிச் சாணை பிடிக்கிறார்கள். ஸ்கேட் பாதையைக் கூட்டும் ஐஸ் கிளப்பு ஆட்கள் துடைப்பத்தோடு கால்வாய் ஓரத்தில் காவல் நிற்கிறார்கள். பல்லில்லாத கிழவர்கள்கூடச் சிரிக்கிறார்கள். வருஷக்கணக்காக வராத பனி.

நான் குடிலுக்குப் போனேன். ஏரி முழுக்க வெள்ளை. அந்தக் குச்சி இன்னும் அங்கேதான் இருக்கிறது, தொட்டியை எடுத்தவர்கள் அதைப் பிடுங்கவில்லை. குச்சியில் அவள்.

கீழே பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பாய்ந்தாள். டொக் என்று சத்தம். ஐஸ்தான். எழுந்து, தள்ளாடி, மறுபடி குச்சிக்கு வந்தாள். மறுபடி கீழே பார்த்தாள்.

ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறாள்? மற்ற மீன்கொத்திகள் உறையாத தண்ணீரைத் தேடிக் கடல் பக்கம் போயிருக்கும். இவள் போகவில்லை. இங்கேதான் சாப்பாடு கிடைக்கும் என்று ஒருத்தன் பழக்கிவைத்தான். அந்தச் சாப்பாட்டை ஒருத்தி எடுத்துவிட்டாள்.

அவனைப் பற்றி உடனே எழுதிவிட்டேன், அந்த ஒருத்தி நான்தான் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிறது பார்.


ஜனவரி 25, சனி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதினால்தான் தூக்கம் வரும்.

உறைந்த ஏரியில் ஓடாமல் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது என்று எவனோ ஊதிவிட்டான். காலையில் நான் சாவியோடு போனபோது கதவுக்கு வெளியே வரிசை. குரோனிங்கனிலிருந்து, ஸ்வோலெவிலிருந்து, எங்கெங்கிருந்தோ. திறந்ததும் முட்டி மோதிக்கொண்டு உள்ளே. ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, முக்காலிகளால் என் விலாவை இடித்துக்கொண்டு. ஜன்னலுக்கு ஜன்னல் லென்ஸ். ஈரக் கம்பளி நாற்றம், சாஸேஜ் நாற்றம், எவனோ வயிறு சரியில்லாதவன் விட்ட நாற்றம்.

அவள் குச்சியில் இருந்தாள். பஞ்சு உருண்டை மாதிரி உப்பியிருந்தாள். கொழுத்திருக்கிறாள் என்று நினைப்பார்கள், தெரியாதவர்கள். குளிரில் சாகப்போகிற பறவைதான் அப்படி உப்பும். இறகு மட்டும்தான், உள்ளே ஒன்றும் இல்லை.

“அடடா, எவ்வளவு அழகா உப்பியிருக்கு!”

“கொஞ்சம் பனி விழுந்தா இன்னும் நல்லா இருக்கும்.”

“அது திரும்பவே மாட்டேங்குதே. முதுகைத்தான் காட்டுது.”

முதுகைத்தான் காட்டுதாம்! அதற்குள் ஒருத்தன் – பச்சைத் தொப்பி, வெள்ளைத் தாடி, பார்க்கப் பெரிய மனிதன் – ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் படார் படாரென்று தட்டினான். அவள் திடுக்கிட்டுச் சிறகை விரித்தாள். பறக்கவில்லை. விரித்து மூடினாள், அவ்வளவுதான். எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் பட பட படவென்றது. சிலர் சிரித்தார்கள். ஒருத்தி “நன்றி” என்றாள் அவனுக்கு.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்தது என்று தெரியவில்லை. “வெளிய போடா நாயே! போ வெளிய! அது சாகுது, உனக்குச் சிறகு தெரியணுமா?”

“ஏம்மா கத்தறீங்க, பறவை பயந்துக்கும்” என்கிறான். எனக்குச் சொல்கிறான், அவன்!

நான் அவன் முக்காலியைத் தூக்கிக் கதவுக்கு வெளியே வைத்தேன். அவன் போனான். மற்றவர்கள் அவன் ஜன்னலுக்கு அடித்துக்கொண்டார்கள்.

இதுவரை எழுதியது மற்றவர்களைப் பற்றி.

பிற்பகலில் வெயில் சாய்ந்தது. ஐஸ் மேல் ரோஜா நிறத்தில் ஒளி. அவள் கொஞ்சம் திரும்பினாள். கண் பாதி மூடியது – பறவைகளுக்குக் கீழிமை மேலே ஏறும், அது ஏறியது. என் கேமரா என் மடியில்தான் இருந்தது. எப்போது எடுத்தேன்? எப்போது கண்ணில் வைத்தேன்? தெரியாது. அழுத்திவிட்டேன். ஒரே ஒரு படம்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். நான் எடுத்ததிலேயே சிறந்த படம். அதைச் சொல்லத்தான் நாக் கூசுகிறது. அழிக்கலாம் என்று விரலை வைத்தேன். அழிக்கவில்லை. பச்சைத் தொப்பிக்காரனை நாய் என்றேன். சரி, படம் எடுத்த இவளை என்னவென்று சொல்வது?


ஜனவரி 26, ஞாயிறு

சீட்ஸேயிடம் போய்க் கத்தினேன். குடிலையும் பாதைகளையும் பனி முடியும்வரை மூடிவிட்டார். நல்லது. அடுத்ததைக் கேட்டேன். ஐஸில் ஒரு துளை வெட்டி, கொஞ்சம் மீன் விடலாமே?

“முடியாது வீட்ஸ்கே. நாம ஊட்டினா அது பண்ணை. ஊட்டாம விட்டாத்தான் காப்பகம். குளிர்ல பறவை சாகறது புதுசு இல்ல.”

“இது குளிர்ல சாகல. மனுஷன் பழக்கிவிட்டதால சாகுது.”

“அதுக்குத்தான் தொட்டியை எடுத்தோம். நீங்க சொல்லித்தானே.”

குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். டீ வேறு கொடுத்தார், ஒரு பிஸ்கட்டோடு. அவருடைய நிதானத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் சொல்வது சரி என்பதால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.


ஜனவரி 27, திங்கள்

போனேன். வெட்கம் மானம் எல்லாவற்றையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

கெர்லோஃப் அடுக்களையில் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தான். கறுப்பு ரொட்டியைக் கையில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தான்.

“பௌக்யே, யார் வந்திருக்கா பாரு. போலீஸ்.”

“மீன் இன்னும் இருக்கா?”

“ஏன், அதையும் பறிமுதல் பண்ணப் போறியா?”

“இருக்கா இல்லையா, அதைச் சொல்லு.”

“இருக்கு. எங்க கொண்டு போய் விடச் சொல்ற? சுத்திலும் ஐஸ்.”

“அந்தப் பொண்ணு சாகப்போகுது.”

கரண்டியைக் கீழே வைத்தான். அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. தடை போட்டதிலிருந்து அந்தப் பக்கமே அவன் போகவில்லை, கால்வாய் ஓரமாக நடக்கக்கூட இல்லையாம். நான் சொன்னேன்: குச்சி, ஐஸ், டொக் என்ற சத்தம், பச்சைத் தொப்பிக்காரன். என் படத்தை மட்டும் சொல்லவில்லை.

“அவ கடலுக்குப் போயிருப்பான்னு நினைச்சேன்” என்றான். “மத்ததெல்லாம் போகும்ல.”

“சும்மா கிடைக்கிற சோத்தை விட்டுட்டு யார் போவா? நீ பழக்கின.”

“நீ பிடுங்கின.”

“நீ ஏமாத்தாம இருந்திருந்தா –”

“நீ மூணாவது வராம இருந்திருந்தா –”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க!” பௌக்யே மேஜையில் அகப்பையால் ஒரு போடு போட்டாள். “பின்கட்டுல எனக்குத் துணி துவைக்க முடியல. அந்தச் சனியனை எடுத்துட்டுப் போய் எதுக்காவது போடுங்க. சண்டையை ஐஸ் மேல வெச்சுக்கோங்க.”

தொட்டி? சீட்ஸே அதை அவனிடமே திருப்பி அனுப்பியிருந்தார், கழுவி. அப்படிப்பட்ட மனிதர்.


ஜனவரி 28, செவ்வாய்

வாசல் வழியாகப் போக முடியாது, சீட்ஸேயின் ஜன்னல் அதைப் பார்த்துத்தான் இருக்கிறது. கால்வாய் வழியாகப் போனோம். ஸ்கேட் கட்டிக்கொண்டு, மரச் சறுக்குவண்டியில் தொட்டியை வைத்து, தொட்டிக்குள் மீனையும் தண்ணீரையும் வைத்து, கயிற்றில் இழுத்துக்கொண்டு. அறுபது தாண்டிய இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்க்கப் பிடிக்காதவர்கள். அவன் முன்னால் இழுத்தான், நான் பின்னால் தள்ளினேன். தொட்டி தளும்பும்போதெல்லாம் அந்த நாற்றத் தண்ணீர் என் நெஞ்சில்தான். உடனே அது உறைந்துபோனது. மீன் செதில் ஒட்டிய கோட்டு! அவனோ பாட்டு வேறு முனகினான்.

“பாடாதே.”

“பாடினா கால் ஒண்ணு போல போகும்.”

“உன் கால் போகட்டும், என் காது போகக்கூடாது.”

தாழ்ந்த பாலம் வந்தால் கரையேறி, ஸ்கேட்டோடு புல்லில் தத்தித் தத்தி நடந்து, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். அப்படி ஏறும்போது ஐஸ் கிளப்புக் கிழவர் ஒருவர் துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு கேட்டார், “என்ன கெர்லோஃப், தொட்டியில என்ன?”

“சூப்பு” என்றான்.

கிழவர் மோந்து பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.

நாணல் ஓரத்தில் ஐஸ் எப்போதும் நம்ப முடியாதது. அவனுக்கும் தெரியும், இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவசரத்தில் காலை வைத்துவிட்டான். தொடைவரை உள்ளே போய்விட்டது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன், கறுப்புச் சேறோடு வெளியே வந்தான். ஒரு நிமிஷம் பயந்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

குச்சிக்குக் கீழேதான் அவன் விழுந்த ஓட்டை, அதையே ரம்பத்தால் பெரிதாக்கினோம். தொட்டியை இறக்கினோம். பிறகு குடிலுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினோம்.

“கேமரா எடுத்துட்டு வந்தியா?” என்றான் திடீரென்று.

“இல்ல. நீ?”

“இல்ல.”

அவன் என் கோட்டைப் பார்த்தான். நான் அவன் கோட்டைப் பார்த்தேன். இரண்டு பேருமே எடுத்து வரவில்லை.

குச்சி காலியாக இருந்தது. நேரம் போனது. அவன் நனைந்த கால் கிடுகிடுவென்று ஆடியது, போய்விடலாம் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. செத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். அவனும் அதைத்தான் நினைத்திருப்பான்.

வந்தாள். பறந்து வரவில்லை, நாணலுக்குள்ளிருந்து தாவித் தாவி வந்தாள். குச்சியில் ஏறினாள். கீழே பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு நம்பிக்கையே இல்லை போல. பிறகு பாய்ந்தாள். வெறும் அலகோடு வந்தாள். கெர்லோஃப் என் கையைப் பிடித்திருந்தான், வலிக்கிற மாதிரி. இரண்டாவது தடவை மீனோடு வந்தாள்.

குச்சியில் அடித்து, திருப்பி, தலைப்பக்கமாக விழுங்கினாள். பரிசு வாங்கும் படம் அது. யாரும் எடுக்கவில்லை.

கெர்லோஃப்பின் மூக்கு ஒழுகியது. கையுறையால் துடைத்தான், சேறு மூக்கில் அப்பிக்கொண்டது. “குளிரு” என்றான். ஐயே, என்ன மனிதன் இவன்.


ஜனவரி 29, புதன்

போனோம். தொட்டி மேல் பிடித்திருந்த ஐஸை உடைத்தோம். தின்றாள். பாடாதே என்று இன்றும் சொல்ல வேண்டியிருந்தது.


ஜனவரி 30, வியாழன்

இன்று குச்சிக்குப் பறந்தே வந்தாள்.

பௌக்யே எங்களுக்காக பிளாஸ்க்கில் சூப் ஊற்றிக் கொடுத்தாள். ஞாயிறன்று மழை, பனி உருகும் என்று ரேடியோ சொல்கிறது. ஊரெல்லாம் அழாத குறை. நாங்கள் இரண்டு பேர்தான் மழைக்காகக் காத்திருக்கிறோம்.


ஜனவரி 31, வெள்ளி

சீட்ஸே நாணலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, தாடியில் பனி கட்டியிருந்தது.

கெர்லோஃப் முந்திக்கொண்டான். “என் வேலைதான் இது. இவளை நான்தான் இழுத்துட்டு வந்தேன்.”

“பொய்” என்றேன். “நான்தான் இவனைக் கூப்பிட்டேன்.”

சீட்ஸே பெருமூச்சு விட்டார். “சாவியைக் கொடுங்க வீட்ஸ்கே.”

நான் அசையவில்லை. மழையிலும் வெயிலிலும் அந்தக் குடிலைத் திறந்து மூடியவள் நான். அந்த நாற்றம் பிடித்த பெஞ்சுகளை நான்தான் கழுவினேன்.

“விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க?”

கழற்றிக் கொடுத்தேன்.  இந்த வருஷம் முழுக்க நானும் உள்ளே போகக்கூடாது. அவர் தொட்டியைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

“தொட்டியை எடுக்கணும். ஆனா எனக்குத் திங்கட்கிழமைதான் ஆள் வரும். அதுவரைக்கும் அது என் கண்ணுல படல.”

“காலைல ஐஸை யார் உடைப்பா?” என்று கேட்டேன்.

அவர் கரைவரை எங்களோடு வந்து, நாங்கள் ஸ்கேட் கட்டி முடிக்கும்வரை நின்றார்.


பிப்ரவரி 1, சனி

காப்பக வேலிக்கு அப்பால் இருக்கிற வெளிக்கரை மேல் ஏறித் தொலைநோக்கியில் பார்த்தேன். நாணல் மறைக்கிறது. குச்சி தெரியவில்லை. இன்றுதான் மிகக் கடுமையான குளிர். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தால் குற்றம் மாதிரி இருக்கிறது.


பிப்ரவரி 3, திங்கள்

நேற்று மழை. ஐஸ் மேல் தண்ணீர் நிற்கிறது. தொட்டியை எடுத்துவிட்டார்களாம், உள்ளே மீன் ஒன்றுகூட இல்லையாம். மீன்கொத்தி தின்றதோ, கொக்கு தின்றதோ. பறவையைப் பார்த்தீர்களா என்று பௌக்யே கேட்டிருக்கிறாள். எடுக்க வந்த ஆள் பார்க்கவில்லையாம்.

செத்துப்போனதையும் பார்க்கவில்லையாம்.


பிப்ரவரி 19, புதன்

புதுத் தன்னார்வலர் ஒருவர் வந்திருக்கிறாராம். பெஞ்சுக்கு அடியில் கிடக்கிற தோலைப் பொறுக்குவாரா என்று யாரைக் கேட்பது?

கழகத்தில் ஜனவரிப் பனி என்று கண்காட்சி வைக்கிறார்கள். பச்சைத் தொப்பிக்காரனின் படம் நடுவில், சிறகு விரித்த மீன்கொத்தி. பார்த்துவிட்டு வாசலில் வந்து காறித் துப்பினேன். மீன்கொத்திப் படம் உன்னிடமும் இருக்குமே என்று கேட்டார்கள். அப்படி ஒரு படமே இல்லை என்று சொல்லிவிட்டேன்.


மார்ச் 16, ஞாயிறு

கெர்லோஃப் இப்போது ஞாயிறுதோறும் வெளிக்கரைக்கு வருகிறான். உள்ளே போகக்கூடாத நாங்கள் இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏரியைப் பார்க்கிறோம். அவன் லென்ஸை விற்றுவிட்டான். பேச்சு மட்டும் குறையவில்லை.

இன்றைக்கு வெயில். வாத்துகள் கிளம்பிக்கொண்டிருந்தன. அவன் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வாய்க்கால் மேல் ஒரு நீலக்கோடு. கண் சிமிட்டுகிற நேரம்தான். நாணலுக்குள் போய்விட்டது.

அவன் எழுந்தே விட்டான். “பார்த்தியா? வீட்ஸ்கே, பார்த்தியா? அவதானா?”

அவ்வளவு தூரத்தில், சூரியனுக்கு எதிரே, அது ஆணா பெண்ணா என்று எந்த மனிதராலும் சொல்ல முடியாது. நிச்சயமாகத் தெரியாத ஒரு பறவையைப் பார்த்தேன் என்று நான் வாழ்க்கையில் ஒருபோதும் சொன்னதில்லை. அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு அருவருப்பு.

அவன் ஏரியைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கீழலகு சிவப்பு” என்றேன். “நம்ம பொண்ணேதான்.”

பைனாகுலர் என் கோட்டுக்குள், பொத்தான் போட்டு மூடிய இடத்தில் கிடந்தது. அவனும் அதைப் பார்த்தான்.  உட்கார்ந்து, மீன் தொட்டியோடு ஐஸ் மேல் வந்த அதே பிளாஸ்க்கைத் திறந்து, முதல் கோப்பையை எனக்குக் கொடுத்தான். காப்பியில் இன்னும் மீன் வாடை அடித்தது. குடித்தேன்.